டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்யும்போது ஒர்க் ஃபோல்டரைக் காலி செய்யணுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாம்கேட் என்பது ஜாவா வெப் ஆப்களை ஓட்டும் சர்வர், தான் கம்பைல் செய்த பக்கங்களை அது போட்டு வைக்கும் இடம்தான் ஒர்க் ஃபோல்டர். வெறும் ரீஸ்டார்ட் என்றால் ஒர்க் ஃபோல்டரைத் தொடாதீர்கள். புது வெர்ஷன் போடுகிறீர்கள் என்றால், அதிலும் சர்வரை நிறுத்திவிட்டு வார் ஃபைலை (ஆப் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய ஃபைல்) மாற்றுகிற வழக்கம் என்றால், கட்டாயம் காலி செய்யுங்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது. ஒருபக்கம், ஸ்டார்ட் ஸ்கிரிப்டிலேயே டெலீட் கமாண்டை எழுதி வைத்துவிட்டு, ரீஸ்டார்ட் ஆனதும் சர்வர் ஏன் தவழ்கிறது என்று தேடுகிறார்கள். இன்னொருபக்கம், எப்போதுமே காலி செய்யாமல் விட்டுவிட்டு, புது ரிலீஸ் போட்ட பிறகும் பழைய பக்கம் வருகிறதே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

ஒரு ஜேஎஸ்பி பக்கத்தை (எச்டிஎம்எல்லும் ஜாவாவும் கலந்து எழுதும் பக்கம்) யாராவது முதல்முறை கேட்கும்போது, டாம்கேட்டுக்குள் இருக்கும் ஜாஸ்பர் அந்தப் பக்கத்தை ஒரு ஜாவா ஃபைலாக எழுதும். பிறகு டாம்கேட்டோடு வரும் எக்லிப்ஸ் கம்பைலர் அதை கிளாஸ் ஃபைலாக மாற்றும். இரண்டும் ஒர்க் ஃபோல்டரில் போய் உட்காரும். அதற்குள் கேட்டலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட், அதற்குள் உங்கள் ஆப்பின் பெயர் (முதன்மை ஆப் என்றால் ரூட்), அதற்கும் கீழே ஆர்க், அப்பாச்சி, ஜேஎஸ்பி என்று போகும். உபுண்டு, டெபியனில் டாம்கேட்டை பேக்கேஜாகப் போட்டிருந்தால் ஒர்க் என்பது வெறும் சிம்லிங்க்தான் (வேறு இடத்தைக் காட்டும் குறுக்குவழி), உண்மையான ஃபைல்கள் சிஸ்டத்தின் கேஷ் ஃபோல்டருக்குள் இருக்கும். டெலீட் செய்யப் போகும் முன் அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வரை நிறுத்தினால் இந்த ஃபைல்கள் போகாது. வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார்கள். ஒரு ஆப்பை அன்டெப்ளாய் செய்தால், அதாவது சர்வரிலிருந்து நீக்கினால், டாம்கேட்டே அந்த ஆப்பின் ஒர்க் ஃபோல்டரை அழித்துவிடும், ஆனால் மொத்த சர்வரும் ஷட்டவுன் ஆகும்போது அந்த வேலையைத் தாண்டிப் போய்விடும். டாம்கேட்டின் மேனேஜர் பக்கத்தில் ரீலோட் பட்டனை அழுத்தினாலும் அழிக்காது. ஆக, ஆப் மாறினால் துடை, சும்மா நின்று கிளம்பினால் வைத்துக்கொள் என்பதுதான் டாம்கேட்டை எழுதியவர்களின் கணக்கு. நாம் நம் ஸ்கிரிப்டிலும் அதையே பின்பற்றினால் போதும்.

ரீஸ்டார்ட் ஆன பிறகு ஒரு ஜேஎஸ்பியை முதல்முறை கேட்கும்போது, ஏற்கெனவே இருக்கும் கிளாஸ் ஃபைல் செல்லுமா என்று ஜாஸ்பர் ஒருமுறை பார்க்கும். டெவலப்மென்ட் மோடை அணைத்து வைத்திருந்தாலும் இந்த முதல் சோதனை நடக்கும், அதை நினைவில் வையுங்கள். (அந்த மோட் ஆனில் இருந்தால் அதற்கப்புறமும் சோதனை தொடரும். அதே பக்கத்தை மறுபடி சோதிக்க இயல்பான இடைவெளி 4 விநாடி.) சோதனை ரொம்ப எளிமையானது. ஜேஎஸ்பி ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தையும் கிளாஸ் ஃபைலின் நேரத்தையும் ஒப்பிடும், அவ்வளவுதான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. பழைய டாம்கேட் பதிப்புகள் ஜேஎஸ்பி புதிதாக இருந்தால் மட்டும் மறுபடி கம்பைல் செய்யும். இப்போதுள்ளவை, நேரம் முன்னே போனாலும் பின்னே போனாலும் வித்தியாசம் இருந்தாலே கம்பைல் செய்துவிடும். இன்க்ளூட் டைரக்டிவ் மூலம் சேர்த்த ஃபைல்கள், டேக்குகளை விவரிக்கும் டிஎல்டி ஃபைல்கள் ஆகியவற்றின் நேரத்தையும் சேர்த்தே பார்க்கும்.

இந்தச் சோதனை நன்றாக வேலை செய்யும்வரை ஒர்க் ஃபோல்டரை நீங்கள் தொடவே தேவையில்லை. அது எங்கெல்லாம் ஏமாறும் என்று தெரிந்துகொண்டால் எப்போது துடைக்க வேண்டும் என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

சோதனை ஏமாறும் இடங்கள்

முதலாவது, நேரத்தை நிலையாக வைக்கும் பில்டு. ஒரே சோர்ஸைக் கம்பைல் செய்தால் பைட் மாறாமல் ஒரே வார் ஃபைல் வர வேண்டும் என்பதற்காக, மேவன் என்ற பில்டு கருவியில் அவுட்புட் டைம்ஸ்டாம்ப் என்ற ஒரு ப்ராப்பர்ட்டியை வைக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அதில் ஒரு நிலையான தேதியை எழுதிவிட்டு ரிலீஸுக்கு ரிலீஸ் மாற்றாமல் விட்டால், வார் ஃபைலுக்குள் இருக்கும் எல்லா ஜேஎஸ்பிக்கும் எப்போதும் அதே நேரம்தான். டாம்கேட் வாரை விரிக்கும்போது உள்ளே எழுதியிருக்கும் நேரத்தையே ஃபைலுக்கும் வைக்கும். போன மாத ஜேஎஸ்பியும் இன்றைய ஜேஎஸ்பியும் ஜாஸ்பரின் கண்ணுக்கு ஒரே ஃபைல். சர்வரை நிறுத்தி, வாரை மாற்றி, மறுபடி கிளப்பினால் பழைய பக்கம்தான் வரும், எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் வரும். எர்ரரும் இருக்காது, லாகிலும் ஒன்றும் இருக்காது. என்னைக் கேட்டால் ஒர்க் ஃபோல்டரைத் துடைக்க வேண்டியதற்கு இதைவிட வலுவான காரணம் கிடையாது. பைத்தான்காரர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. கம்பைல் ஆன பைக் (.pyc) ஃபைலில் சோர்ஸின் நேரத்தையும் அளவையும் எழுதி வைத்து ஒப்பிடுவார்கள், பைத்தான் 3.7இல் அதற்குப் பதிலாக உள்ளடக்கத்தின் ஹாஷை வைத்துச் சோதிக்கவும் ஒரு வழி கொண்டுவந்தார்கள். ஜாஸ்பரில் அந்த வசதி இல்லை.

இரண்டாவது, ஜாவா கிளாஸ்கள். ஜேஎஸ்பி தொடர்பான ஃபைல்களின் நேரத்தைத்தான் ஜாஸ்பர் பார்க்கிறது, அந்த ஜேஎஸ்பி பயன்படுத்தும் உங்கள் ஜாவா கிளாஸ் மாறியதா என்று பார்ப்பதில்லை. ஒரு மெத்தடின் ஆர்குமென்டை மாற்றினீர்கள் என்று வையுங்கள், அதைக் கூப்பிடும் ஜேஎஸ்பி எழுத்து அப்படியே செல்லும். உதாரணத்துக்கு, இன்ட் வாங்கிய மெத்தட் இப்போது லாங் வாங்குகிறது. சோர்ஸ் அளவில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ஏற்கெனவே கம்பைல் ஆன கிளாஸ் பழைய கையெழுத்தை (மெத்தடின் பெயரும் ஆர்குமென்ட் வகையும்) தேடும், கிடைக்காது, நோ சச் மெத்தட் எர்ரர் என்று விழும். இது பரவாயில்லை, சத்தம் போட்டு விழுகிறது, உடனே கண்டுபிடித்துவிடலாம்.

சத்தமே போடாதது ஒன்று இருக்கிறது. ஜாவாவில் ஸ்டாடிக் ஃபைனல் என்று அறிவித்து ஒரு எண்ணையோ ஸ்ட்ரிங்கையோ நேரடியாகக் கொடுத்தால், அதைப் பயன்படுத்தும் இடத்தில் கம்பைலர் அந்த மதிப்பையே பதித்துவிடும். ஓடும்போது அந்த கிளாஸைப் போய்க் கேட்காது. ஜாவா மொழியின் விதியே இதுதான். இப்போது உங்கள் கான்ஸ்டன்ட்ஸ் கிளாஸில் வரி சதவீதம் 12 என்று இருந்ததை 18 என்று மாற்றி, ஜார் ஃபைலை மட்டும் புதிதாகப் போட்டு ரீஸ்டார்ட் செய்கிறீர்கள். கணக்குப் போடும் சர்வீஸ் கிளாஸ் 18 என்று கணக்கிடும், அதைக் காட்டும் ஜேஎஸ்பி ஸ்கிரிப்ட்லெட்டோ (பக்கத்துக்குள் எழுதிய ஜாவா துண்டு) 12 என்றே காட்டும். தொகை ஒன்று, சதவீதம் இன்னொன்று. பில்லைப் பார்க்கும் வாடிக்கையாளர்தான் முதலில் கண்டுபிடிப்பார். ஜேஎஸ்பியில் ஜாவா எழுதாமல் எக்ஸ்பிரஷன் லாங்குவேஜ் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு இது வராது, அது ஓடும்போதுதான் மதிப்பைத் தேடும். ஆனால் பழைய ஆப்களில் ஸ்கிரிப்ட்லெட் இல்லாத ஜேஎஸ்பியைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

மூன்றாவது, டாம்கேட்டையே அப்கிரேட் செய்வது. ஒர்க் ஃபோல்டரில் இருப்பது அந்த டாம்கேட் பதிப்பின் ஜாஸ்பர் எழுதிய ஜாவா. அடுத்த பதிப்பின் உள் கிளாஸ்களோடு அது ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 9இலிருந்து 10க்குப் போகும்போது ஜாவாக்ஸ் என்ற பேக்கேஜ் பெயரே ஜகார்த்தா என்று மாறிவிட்டது, பழைய கிளாஸ் அங்கே நிற்கவே நிற்காது. சின்ன அப்கிரேடாக இருந்தாலும் துடைத்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

நான்காவது ரோல்பேக். பழைய பதிப்புக்குத் திரும்பும்போது ஜேஎஸ்பியின் நேரம் பின்னால் போகும். உங்களுடையது பழைய டாம்கேட் என்றால் கிளாஸ் ஃபைல் ஜேஎஸ்பியைவிடப் புதியதுதானே என்று விட்டுவிடும். அவசரத்தில் ரோல்பேக் செய்துகொண்டிருக்கும்போது இதையும் சேர்த்துத் தேட வேண்டியிருந்தால் ரொம்பக் கொடுமை.

பிறகு ஏன் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் துடைக்கக் கூடாது?

இவ்வளவு சொன்ன பிறகு, பேசாமல் எப்போதுமே துடைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ரீஸ்டார்ட் பெரும்பாலும் ஏதோ ஒன்று சரியில்லாத நேரத்தில்தான் நடக்கிறது. மெமரி தீர்ந்து ப்ராசஸ் செத்து, லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி அதை மறுபடி கிளப்புகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் வெளியே ஆட்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒர்க் ஃபோல்டர் அப்படியே இருந்தால் கிளாஸை எடுத்துக்கொண்டு நேராக வேலையைத் தொடங்கிவிடும். காலியாக இருந்தால் வருகிற ஒவ்வொரு பக்கத்தையும் புதிதாகக் கம்பைல் செய்ய வேண்டும், ஒரே பக்கத்தைக் கேட்டவர்கள் எல்லாம் அது முடியும்வரை வரிசையில் நிற்பார்கள், சிபியு முழுக்க அதிலேயே போகும். பல சர்வர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சரின் ஹெல்த் செக் நேரத்துக்குள் பதில் கிடைக்காமல் சர்வரைத் தள்ளி வைக்கும், அல்லது ஏதாவது வாட்ச்டாக் அதை மறுபடி ரீஸ்டார்ட் செய்யும், மறுபடி துடைக்கும், மறுபடி முதலிலிருந்து கம்பைல். ஆப்பில் நூற்றுக்கணக்கான ஜேஎஸ்பி இருந்தால் இந்தச் சுழலிலிருந்து வெளியே வருவது லேசில்லை.

அப்புறம், ஒர்க் ஃபோல்டரில் கம்பைல் ஆன ஃபைல்கள் மட்டும்தான் இருக்கின்றன என்று நினைத்து மொத்தமாக அழிக்கிறவர்கள் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று செஷன். டாம்கேட் 8.5, 9 போன்ற பதிப்புகளில் ஒழுங்காக ஷட்டவுன் ஆகும்போது, லாகின் ஆகியிருப்பவர்களின் செஷன்களை செஷன்ஸ் டாட் செர் என்ற ஃபைலில் எழுதி வைக்கும், கிளம்பும்போது அதைப் படித்துத் திரும்ப உயிர் கொடுக்கும். அந்த ஃபைல் இருக்கும் இடம் இதே ஒர்க் ஃபோல்டர்தான். மொத்தமாகத் துடைத்தால் எல்லோரும் லாக்அவுட். இன்னும் புதிய பதிப்பு வைத்திருப்பவர்கள் கான்டெக்ஸ்ட் எக்ஸ்எம்எல் ஃபைலில் மேனேஜர் என்று தொடங்கும் வரியையும் அதன் மேலே இருக்கும் குறிப்பையும் படித்தால் உங்கள் சர்வரில் இது ஆனா ஆஃபா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று அப்லோட். பெரிய ஃபைலை யாராவது ஏற்றும்போது அது தற்காலிகமாக விழும் இடமும், நீங்கள் வேறு இடம் சொல்லாதவரை, ஆப்பின் ஒர்க் ஃபோல்டர்தான். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஃபோல்டரை அழித்தால், தற்காலிக அப்லோட் இடம் செல்லாது என்று ஒரு எக்ஸெப்ஷன் வரும், மறுபடி ரீஸ்டார்ட் செய்யும்வரை அப்லோட் வேலை செய்யாமல் போகலாம். டாம்கேட்டை ஆப்புக்குள்ளேயே வைத்து ஓட்டும் ஸ்பிரிங் பூட் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த எர்ரர் நன்றாகப் பழக்கமானது. அங்கே டாம்கேட்டின் ஃபோல்டர் டெம்ப் டைரக்டரியில் உருவாகும், பல நாள் தொடாமல் கிடந்தால் லினக்ஸின் டெம்ப் துப்புரவு வேலை அதைத் தூக்கிவிடும். அங்கே டெம்ப்புக்கு வெளியே நிலையான ஒரு பேஸ்டிர் கொடுத்துவிடுவதுதான் சரியான வழி.

எப்படித் துடைப்பது

முதலில், துடைப்பதற்கான காரணம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பக்கம் வருகிறது என்றால் ஒர்க் ஃபோல்டருக்குள் போய் அந்த ஜேஎஸ்பிக்கு உருவான ஜாவா ஃபைலைத் திறங்கள். பெயர் கொஞ்சம் மாறியிருக்கும், ஹைபன் இருந்த இடத்தில் அண்டர்ஸ்கோர் 002டி என்று இருக்கும். மேலே இருக்கும் கமென்ட்டில் எந்த டாம்கேட் பதிப்பு இதை எழுதியது, எப்போது எழுதியது என்று இருக்கும். ஃபைலின் நேரத்தை நம்பாதீர்கள், அதை ஜாஸ்பரே ஜேஎஸ்பியின் நேரத்துக்கு மாற்றி வைக்கிறது, அந்தக் குறிப்பும் அதே கமென்ட்டில் இருக்கிறது. உள்ளே உங்கள் புது வரி இருந்தால் கம்பைல் சரியாகத்தான் நடந்திருக்கிறது, பிரச்சினை பிரவுசரிலோ முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் கேஷிலோ சிடிஎன்னிலோ இருக்கிறது. புது வரி இல்லையென்றால், விரித்து வைத்த வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ஜேஎஸ்பியையும் ஒருமுறை பாருங்கள். அதிலும் இல்லையென்றால் வார் ஃபைல் விரியவே இல்லை என்று அர்த்தம், ஒர்க் ஃபோல்டரைத் துடைத்து ஒரு பயனும் கிடையாது.

துடைக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், சர்வரை நிறுத்துங்கள், நின்றுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டாப் ஸ்கிரிப்ட் முடிந்துவிட்டது என்பதால் ப்ராசஸ் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ப்ராசஸின் எண்ணை எழுதி வைக்கும் பிட் ஃபைல் வைத்திருந்தால், ஸ்டாப் கமாண்டோடு 30 என்று விநாடியையும் ஃபோர்ஸ் என்ற ஆப்ஷனையும் கொடுக்கலாம், அவ்வளவு நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு நிற்காவிட்டால் ப்ராசஸைக் கொல்லும். பிறகு உங்கள் ஆப்பின் ஃபோல்டருக்குள் இருக்கும் ஆர்க் என்ற ஃபோல்டரை மட்டும் எடுங்கள். டேக் ஃபைல்களிலிருந்து வந்த கிளாஸ்களும் அதற்குள்தான் இருக்கும். செஷன் ஃபைல் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். நேராக அழிப்பதைவிட வேறு பெயரில் நகர்த்தி வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ஒரு நொடியில் முடியும், பிறகு பழைய ஜாவாவையும் புதிய ஜாவாவையும் ஒப்பிட்டு என்னதான் நடந்தது என்று பார்க்கலாம்.

ஸ்கிரிப்டில் எழுதும்போது கேட்டலினா பேஸ் என்ற வேரியபிளை நம்பி டெலீட் எழுதினால், அது காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும்படி எழுதுங்கள். பேஷில் வேரியபிள் பெயருக்குப் பின்னால் முக்கால்புள்ளியும் கேள்விக்குறியும் போடுகிற முறை இதற்காகவே இருக்கிறது. ஒரே மெஷினில் பல இன்ஸ்டன்ஸ் ஓடினால் ஒர்க் இருப்பது கேட்டலினா பேஸின் (அந்த இன்ஸ்டன்ஸின் இடம்) கீழே, கேட்டலினா ஹோமின் (டாம்கேட்டைப் போட்ட இடம்) கீழே அல்ல.

டெலீட்டை, டாம்கேட்டுக்கான அமைப்புகளை எழுதும் செட்என்வ் ஸ்கிரிப்டில் போடவே போடாதீர்கள். சர்வரைக் கிளப்பும்போது மட்டும் அது ஓடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நிறுத்தும்போதும் அதே ஸ்கிரிப்ட் ஓடும், அதாவது சர்வர் இன்னும் உயிரோடு, அப்லோட்களோடு ஓடிக்கொண்டிருக்கும்போது காலடியிலிருந்து ஃபோல்டரை உருவிவிடுவீர்கள். சர்வர் கிளம்பும் முன் ஓடும் சிஸ்டம்டியின் எக்ஸெக்ஸ்டார்ட்ப்ரீ வரியிலும் வேண்டாம், முன்னால் சொன்ன கம்பைல் சுழல் அங்கேதான் பிறக்கிறது. டெப்ளாய் ஸ்கிரிப்டில், நிறுத்துவதற்கும் புது வார் வைப்பதற்கும் நடுவில் போடுங்கள். ரூட்டாக உள்ளே போய் வேலை பார்த்திருந்தால் கிளம்பும் முன் ஃபோல்டரின் உரிமையாளர் டாம்கேட் யூசர்தானா என்று பாருங்கள், எழுத அனுமதி இல்லாவிட்டால் ஒரு ஜேஎஸ்பியும் கம்பைல் ஆகாது.

துடைத்த பிறகு முதல் ஆள் காத்திருக்காமல் இருக்க, லோட் பேலன்சரில் சேர்க்கும் முன் பக்கங்களைச் சூடாக்கிவிடுங்கள். ஜேஎஸ்பி ப்ரீகம்பைல் என்ற பாராமீட்டரோடு கேட்டால் பக்கத்தை ஓட்டாமல் கம்பைல் மட்டும் செய்யும், ஜேஎஸ்பி ஸ்பெக்கிலேயே இருக்கும் வசதி. ஆனால் வெப்இன்ஃப் ஃபோல்டருக்குள் இருக்கும் ஜேஎஸ்பிகளை வெளியிலிருந்து நேராகக் கேட்க முடியாது, லாகின் ஃபில்டர் இருந்தால் அது வழியிலேயே மடக்கி லாகின் பக்கத்துக்கு அனுப்பிவிடும். ஸ்பிரிங் எம்விசி ஆப் என்றால் கிட்டத்தட்ட எல்லா ஜேஎஸ்பியும் அங்கேதான் இருக்கும்.

அப்படிப்பட்டவர்கள் பில்டு நேரத்திலேயே ஜேஎஸ்பிசி கொண்டு எல்லாவற்றையும் கம்பைல் செய்து வாருக்குள் வைத்துவிடலாம். டாம்கேட்டோடு வரும் கருவிதான், ஆன்ட் மூலம் ஓட்டலாம், ஒவ்வொரு ஜேஎஸ்பியையும் சர்வ்லெட்டாகப் பதியும் எக்ஸ்எம்எல் துண்டையும் அதுவே எழுதித் தரும். மேலே சொன்ன கான்ஸ்டன்ட் பிரச்சினை, மெத்தட் பிரச்சினை இரண்டும் இதில் ஒரேயடியாகப் போய்விடும், ஏனென்றால் எல்லாம் ஒரே பில்டில் ஒன்றாகக் கம்பைல் ஆகிறது. ஜேஎஸ்பியில் எழுத்துப்பிழை இருந்தால் பில்டே உடையும், வாடிக்கையாளரிடம் போகாது. ஒரே நிபந்தனை, பில்டில் பயன்படுத்தும் ஜாஸ்பரும் சர்வரில் ஓடும் டாம்கேட்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஒன்றை அப்கிரேட் செய்தால் மற்றதையும் செய்து, வாரையும் புதிதாகக் கட்டுங்கள்.

டாக்கரில் ஓட்டுகிறவர்களுக்குக் கேள்வியே கொஞ்சம் மாறுகிறது. புது இமேஜிலிருந்து புது கன்டெய்னர் வந்தால் ஒர்க் ஃபோல்டர் எப்போதுமே காலிதான், பழைய கிளாஸ் பயம் இல்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் கம்பைல் செலவு உண்டு. அதனால் அங்கே ஜேஎஸ்பிசி கிட்டத்தட்டக் கட்டாயம். அதே கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் ஃபைல்கள் அப்படியே இருக்கும். குபர்னெட்டிஸில் ரூட் ஃபைல்சிஸ்டத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டி வைத்திருந்தால் ஒர்க் ஃபோல்டருக்கு ஒரு எம்ப்டிடிர் வால்யூம் கொடுங்கள். பாட் (குபர்னெட்டிஸில் கன்டெய்னர்கள் ஓடும் அலகு) இருக்கும்வரை, உள்ளே கன்டெய்னர் ரீஸ்டார்ட் ஆனாலும் அது அழியாது. ஒர்க் ஃபோல்டரை பாட் மாறினாலும் நிலைத்திருக்கும் வால்யூமில் மட்டும் வைக்காதீர்கள், புது இமேஜ் வந்தும் பழைய கிளாஸ் காத்துக்கொண்டிருக்கும்.